ரேஷன் கடைச் சுவரில் ஒரு மடல்

"மேல பஸ் போகுதுங்களா?"

காலையிலிருந்து அதே கேள்வியோடு பன்னிரண்டாவது ஆள் வந்து நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஐப்பசி மழைக்கு மலை ரோட்டில் பாறை உருண்டு மூன்று நாளாக பஸ் இல்லை. வேலைக்கு மனுப் போடக் கீழே வந்த நான் அடிவாரத்து டவுனில் ஒரு தோழி வீட்டில் மாட்டிக்கொண்டேன். அங்கே சும்மா உட்கார முடியாமல் பாய் கடைக்கு வந்திருந்தேன். கை சும்மா இருந்தால் எனக்கு உடம்புக்கு முடியாமல் போய்விடும்.

பாய் கடை என்றால் முன்னால் எஸ்.டி.டி. பூத், நடுவில் ஜெராக்ஸ் மெஷின், பச்சைத் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் நான்கு கம்ப்யூட்டர். பாய் என்றதும் தாடி நரைத்தவரை நினைக்க வேண்டாம். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். குடும்பமே மிளகு, புளி வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் பிடிவாதம் பிடித்து பிரவுசிங் சென்டர் வைத்தார். முதலில் கேட்டவரிடம் "தெரியலீங்க" என்றார். ஐந்தாவது ஆளிடம் "நான் என்ன டிப்போ மேனேஜருங்களா?" என்றார். பன்னிரண்டாவது ஆளிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"செத்த உக்காருங்க. நானே மேல போயி பாறைய நவுத்திப் போட்டுட்டு வந்து சொல்றேன்."

இதற்கிடையே போன் வேறு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மலைக்காரர்கள், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கும் மலைப் பிள்ளைகள், மாற்றலாகிப் போன பழைய வாத்தியார் ஒருவர். எல்லோருக்கும் அதே கேள்வி. ஒருவர் ஒருமுறை கேட்டு, ஒருவர் ஒருமுறை பதில் சொல்லி, அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால் என்ன? கல்லூரியில் படித்தபோது நான் ஒரு தமிழ் மின்மடல் குழுவில் இருந்தேன். அங்கே பத்துப் பேர் ஓயாமல் சண்டை போடுவார்கள், இருநூறு பேர் வேடிக்கை பார்ப்போம். அதே மாதிரி ஒன்று, எங்கள் மலைக்கு.

"பாய், கொல்லிமலைக்குன்னு ஒரு குரூப் ஆரம்பிச்சா என்னங்க?"

"யாரு வருவா? மேல ரெண்டு நாளா கரண்டே இல்லையாமா."

"மேல இருக்கறவங்களுக்கு இல்லீங்க. மேல இருந்து வெளிய போனவங்களுக்கு."

பாய் காலியாகக் கிடந்த நான்கு நாற்காலிகளையும் ஒரு பார்வை பார்த்தார். "மூணாவது சிஸ்டத்துல கீபோர்டு நல்லா இருக்குது. போயி உக்காரு."

நான் மலையில் பிறந்தவள் இல்லை. அம்மாவுக்கு மலையில் டீச்சர் வேலை கிடைத்து, நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது சமவெளியிலிருந்து ஏறி வந்தோம். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, இரண்டாயிரம் பிறந்து மூன்று வருஷமாகியும் வேலை வராமல், எல்லா இடத்துக்கும் மனுப் போட்டுக்கொண்டு இருந்தவள். ஆனால் அந்தக் குழுவைத் தொடங்கிய நாளிலிருந்து மலை என்னுடையது ஆகிவிட்டது போல நடந்துகொண்டேன்.

மூன்று விதிகள் எழுதினேன். மலையைப் பற்றி மட்டும் பேச வேண்டும். கெட்ட வார்த்தை கூடாது. சொந்தப் பெயர் வேண்டாம், புனைபெயர் போதும். மூன்றாவது விதியில்தான் எனக்குப் பெருமை அதிகம். அரசு வேலையில் இருப்பவர்கள் பெயர் போட்டு எழுதப் பயப்படுவார்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் மலைக்காரன் என்று கேலி செய்வார்களோ என்று கூசுவார்கள். முகத்தை மறைத்தால் வாய் திறக்கும் என்று நம்பினேன். எல்லா மடலும் முதலில் எனக்கு வரும். நான் பார்த்து அனுமதித்தால்தான் குழுவுக்குப் போகும். என் பெயருக்குக் கீழே 'மட்டுறுத்துநர்' என்று போட்டுக்கொண்டேன். அம்மா அதை வாசித்துவிட்டு, "மட்டு வைக்கறவளா? முதல்ல உன் வாய்க்கு வை" என்றாள்.

ஒரு வருஷத்தில் நூற்றைம்பது பேர் சேர்ந்தார்கள். பஸ் நேரம், பாறை விழுந்த செய்தி, மிளகு விலை, யாருக்குக் கல்யாணம், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் இல்லை. மேலே இருப்பவர்களுக்குக் காது குறுகுறுத்தது. "கீழ போயி எங்களப் பத்தி என்னமோ எழுதுறாங்களாமா?" என்று பஸ்ஸில் என்னிடமே கேட்டார்கள். அதனால் வியாழக்கிழமைதோறும் ஒரு தாள் போட ஆரம்பித்தேன். உறுப்பினர்கள் பெரும்பாலும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார்கள். அதையெல்லாம் நான் உட்கார்ந்து தமிழ் எழுத்தில் மாற்றி, தலைப்பு வைத்து, ஒரு பக்கத்தில் அடக்குவேன். பாய் ஜெராக்ஸ் எடுப்பார். கண்டக்டர் எடுத்துப் போவார். செம்மேடு பஸ் ஸ்டாண்ட் டீக்கடை, வாசலூர்பட்டி மளிகைக்கடை, எடப்புளி நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) ஒரு ரேஷன் கடை என்று மூன்று இடத்தில் ஒட்டுவார்கள். படிக்கத் தெரிந்தவர் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் மண்ணெண்ணெய் டின்னைக் காலடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். தாளின் அடியில் சின்ன எழுத்தில், உறுப்பினர் கருத்துக்கு மட்டுறுத்துநர் பொறுப்பல்ல என்று ஒரு வரி இருக்கும். ஏதோ பத்திரிகையில் பார்த்து எழுதியது.

அடுத்த தை மாதத்துக்குள் குழு தூங்கிவழிந்தது. பிறந்தநாள் வாழ்த்தும், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்ற சாமி மடல்களும்தான் வந்தன. தாளை யாரும் நின்று படிப்பதில்லை என்று கண்டக்டர் சொன்னார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வியாழக்கிழமைதான் அந்த மடல் வந்தது.

புனைபெயரில் வந்த நான்கு வரி. எடப்புளி நாட்டுத் துணைச் சுகாதார நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் பூட்டு. என் அக்கா பிள்ளைக்கு அம்மை ஊசி இன்னும் போடவில்லை, ஆனால் கார்டில் தேதி எழுதியிருக்கிறது. இது என்ன கணக்கு? அவ்வளவுதான்.

அங்கே இருப்பது ஒரே ஒரு நர்ஸ். எல்லோரும் சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். தெற்குச் சீமைக்காரர், வேதக்காரர் என்று ஊரில் சொல்லும் கிறிஸ்தவர், தனியாகக் குவார்ட்டர்ஸில் இருப்பவர். எனக்கு அவரைத் தெரியும். எங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று முறை வந்து அம்மாவோடு காபி குடித்திருக்கிறார். மடலைப் படித்தபோது அவர் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வரவில்லை என்று இப்போது சொன்னால் பொய். ஆனால் அதற்கு முன்பே நெஞ்சில் ஒரு குதி குதித்தது. அப்பாடா, ஒரு விஷயம் கிடைத்தது!

பாய் பின்னால் நின்று படித்தார். "இந்த வாரம் தாள் ஓடும்" என்றார்.

மூன்று மணி பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது. மடலை அனுமதித்தேன். தாளில் முதல் செய்தியாக வைத்தேன். 'பூட்டிக் கிடக்கும் சுகாதார நிலையம். ஊசி இல்லை, கார்டில் தேதி மட்டும்?' என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டேன். தலைப்பு என்னுடையது. கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் பழி நம் மேல் வராது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம் செம்மேட்டில் பஸ் ஏறினேன். சிஸ்டர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் நீல நிற ஊசிமருந்துப் பெட்டி. புதன்கிழமை ஊசி போடும் நாள் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். குசலம் விசாரிப்பது போலக் கேட்டேன்.

"வேலை முடிஞ்சுதா சிஸ்டர்?"

அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். பனிக்கட்டிப் பைகள் கரைந்து தண்ணீராகத் தளும்பின. நடுவில் மருந்துக் குப்பிகள் ஒன்றுகூடத் திறக்கப்படாமல் வரிசையாக நின்றன.

"மூணு ஊருக்கு நடந்தேன். ஒரு பிள்ளையக்கூட காட்டல. வீட்டுக்குள்ள ஆள் இருக்கு, எனக்குச் சத்தம் கேக்குது. மிளகு பறிக்கப் போயாச்சுன்னு உள்ள இருந்தே சொல்லுதாங்க." சிரித்தார். அது சிரிப்பு இல்லை. "ஏன்னு கேக்க மாட்டியா பிள்ள? நீதான ஒட்டுன?"

பஸ்ஸில் பாதிப்பேர் எங்களைத்தான் பார்த்தார்கள். "அது ஒரு உறுப்பினர் எழுதுனது சிஸ்டர். நான் எழுதல..."

"சரி. செவ்வாய்க்கிழமை நான் எங்க இருப்பேன், தெரியுமா? செம்மேட்டு ஆஸ்பத்திரில, மாசமா இருக்கிற பொம்பளைங்களுக்குப் பரிசோதனை. எல்லா வாரமும். வாசல்ல சாக்பீஸ்ல எழுதித்தான் போட்டிருந்தேன், மழை அழிச்சிட்டு." கைப்பையிலிருந்து ஒரு பிள்ளையின் கார்டை எடுத்தார். "இங்க பாரு. பேனால இருக்கிறது போட்ட ஊசி. பென்சில்ல இருக்கிறது போட வேண்டிய தேதி. நாளு தெரியாம போயிடக்கூடாதுன்னு நான் முன்கூட்டி எழுதி வைப்பேன். போட்ட பிறவு அதும்மேலயே பேனாவால எழுதுவேன். பதினோரு வருஷமா இப்படித்தான்."

அந்தச் சாம்பல் நிறப் பென்சில் எழுத்தைப் பார்த்தேன். நான்கு வரி மடலில் இருந்த இரண்டு செய்திக்கும் பதில் அவரிடமே இருந்திருக்கிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா காமிச்சிருப்பேன்லா" என்றார். கார்டைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "என்னை நாலு பேரு ஏசுனா ஏசட்டும். மாத்திப் போட்டா போறேன். பைல் நாட்டுப் பக்கம் ரெண்டு பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை கண்டிருக்கு, தெரியுமா? அது இந்தப் பக்கம் வரதுக்குள்ள நான் அந்த மூணு ஊர்லயும் போட்டு முடிக்கணும். கதவத் திறக்க மாட்டேங்காங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கி ஓடினேன். பாய் கடையில் மூன்றாவது சிஸ்டத்தில் உட்கார்ந்து அந்த மடலை நீக்கினேன். ஒரு பொத்தான், ஒரு நொடி. திரையில் இருந்த இடமே தெரியவில்லை. தவறான தகவல், மன்னிக்கவும் என்று ஒரு மடல் போட்டேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மன்னிப்பு மடலுக்குப் பிறகுதான் குழுவே தீப்பிடித்தது. ஒரே நாளில் அறுபது மடல் காத்திருந்தன. மலையில் பிறந்தவர்கள் ஒரு பக்கம், மலைக்கு வேலைக்கு வந்தவர்கள் ஒரு பக்கம். 'கீழ்நாட்டு அம்மாவைக் காப்பாற்றக் கீழ்நாட்டுப் பொண்ணு மடலை அழிக்கிறாள்' என்று ஒருவர். 'உங்களுக்கெல்லாம் மலையேறி வந்து ஊழியம் செய்தால் இதுதான் மரியாதையா' என்று இன்னொருவர். 'இவர் மட்டுறுத்துநரா, மாமியாரா?' என்று ஒருவர் குழுவைச் சுற்றிக்கொண்டு தெரிந்த முகவரிக்கெல்லாம் நேராக அனுப்ப, அதற்குப் பதினைந்து பேர் சிரித்துப் பதில் எழுதியிருந்தார்கள். எதை அனுமதிப்பது, எதை நிறுத்துவது? நிறுத்தினால் சர்வாதிகாரி, அனுமதித்தால் அடிதடி. எல்லாவற்றையும் நிறுத்திவைத்தேன். அன்று மாலைக்குள் இருபது பேர் விலகிப் போனார்கள்.

புனைபெயருக்குப் பின்னால் யார் என்று மட்டுறுத்துநருக்கு மட்டும் தெரியும். அந்த நான்கு வரியை எழுதியவன் குழுவில் சேரும்போது ஒரே ஒருமுறை சொந்தப் பெயரில் எழுதியிருந்தான். எடப்புளி நாட்டுக்காரன். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். நல்ல பையன், பொங்கலுக்கு வந்தபோது அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை மலைப்பாதையில் நடந்திருக்கிறான். அவன் பார்த்த பூட்டு உண்மை. கார்டில் தேதி இருந்ததும் உண்மை. பென்சில் விவரத்தை எழுதி, ஊருக்கு வந்து நாலு பேர் முன்னால் இதைச் சொல்ல முடியுமா என்று அவனுக்குத் தனி மடல் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "அக்கா, நான் பார்த்ததை எழுதினேன். ஊசி இல்லை, கார்டில் தேதி மட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டது நீங்கள். புனைபெயர் போதும் என்று விதி வைத்ததும் நீங்கள். இப்போது என்னை வந்து நில் என்றால் எப்படி? ஊரில் எங்கள் அக்கா வாழ வேண்டாமா?"

திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வார்த்தையைக்கூட மறுக்க முடியவில்லை.

பாய் பக்கத்தில் வந்து நின்றார். அன்று கேலி எதுவும் பேசவில்லை. "ஓடும்னு நானும்தான் சொன்னேன்" என்றார். "கெடுத்தது நம்ம ரெண்டு பேரு தாளுதான். மேல சுவத்துல இன்னும் இருக்குதா பாரு. கிழிச்சுப் போடு."

அதைத்தான் நான் மறந்திருந்தேன். நீக்கிய மடல் திரையில் இல்லை, சுவரில் இருந்தது. சனிக்கிழமை எடப்புளி ரேஷன் கடைக்குப் போனேன். சுவரில் மைதாப் பசை மட்டும் நான்கு மூலையிலும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது.

"ஊர்க்கவுண்டரு எடுத்துட்டுப் போயிட்டாருங்க" என்றார் எடைபோடுகிறவர். "நாளைக்குக் கூட்டமாமா. உங்களையும் வரச் சொன்னாங்க."

கோயில் முன்னால் கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவே ஒரு கோரைப்பாய் விரித்திருந்தார்கள், அதில் ஒரு ஓரமாக சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். எதிர் ஓரம் காலியாக இருந்தது. ஊர் நியாயம் பேசும் ஊர்க்கவுண்டர் என்றால் பெரிய மீசையோடு எல்லாம் இல்லை. மெலிந்த மனிதர், சட்டைப்பையில் என் தாளை நான்காக மடித்து வைத்திருந்தார்.

"உக்காரு கண்ணு" என்று காலி ஓரத்தைக் காட்டினார்.

"நானுங்களா?"

"பின்ன? ஒருத்தர் மேல சொல்லு சொன்னா, சொன்னவங்களும் சொல்லு வாங்குனவங்களும் ஒரே பாயில உக்காரோணும். எதுத்தாப்ல ஆளு இல்லாத பேச்ச இங்க எடுக்க மாட்டோம்."

"அது நான் சொன்னதில்லைங்க. ஒருத்தர் எழுதுனாருங்க. நான் அத எடுத்துப் போட்டேன், அவ்வளவுதானுங்க. இங்க பாருங்க, அடியில போட்டிருக்குது, பொறுப்பல்லன்னு." அவர் எடுத்து விரித்த தாளின் அடியைத் தொட்டுக் காட்டினேன். அந்த வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். பெண்கள் பக்கமிருந்து ஒரு அம்மா சிரித்தார்.

"நல்லா இருக்குது கண்ணு! நானு உன்ர ஊட்டுல கல்லெறிஞ்சுட்டு, கல்லு என்ர பொறுப்பில்லன்னு அதுமேல எழுதி வெச்சுட்டா செரியாப்போச்சா?"

கூட்டம் சிரித்தது. "கம்ப்யூட்டரம்மாவ உட்ருங்கப்பா, பாவம், மெஷினுதான் சொல்லிருக்கும்" என்றான் ஒருவன். ஊர்க்கவுண்டர் கையைத் தூக்கினார்.

"எழுதுனவன் யாரு கண்ணு?"

அவன் பெயரைச் சொல்லியிருந்தால் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். அவன் அக்கா அந்தப் பெண்கள் பக்கத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருப்பாள். எந்த முகம் என்றுகூட எனக்குத் தெரியாது.

"சொல்ல மாட்டேனுங்க. பேர் வேண்டாம்னு நான்தான் அவங்களுக்கு வாக்குக் குடுத்தேன்."

"அப்ப ஊருக்குள்ள அந்தச் சொல்லக் கொண்டாந்தது யாரு?"

"நான்தானுங்க."

"அவ்வளவுதான். கொண்டாந்தவங்க சொல்லுத்தான் அது. உக்காரு சாமி."

பாயில் உட்கார்ந்தேன். சிஸ்டர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் பென்சிலையும் செவ்வாய்க்கிழமையையும் பற்றிச் சொன்னேன். கல்லூரியில் மேடை ஏறிப் பேசியவள் நான். அங்கே நான்கு வாக்கியத்துக்குமேல் வரவில்லை. கேட்காமல் போட்டேன், தப்பு என்று சொல்லி முடித்தபோது, எல்லாம் தீர்ந்தது, கைதட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது.

சிரித்த அம்மாதான் மறுபடி பேசினார். "இங்க சொல்லீட்ட கண்ணு. இங்க வந்தது பாதிப் பேரு. அந்தக் காயிதம் மூணு ஊருக்கும் போச்சு. ஒவ்வொரு ஊட்டுக்குள்ளயும் போச்சு. இங்க உக்காந்துட்டே எப்படிக் கூப்புட்டுக்குவே?"

"போன வழியிலதான் திருப்பிக் கூட்டியாரோணும்" என்றார் ஊர்க்கவுண்டர். "சொல்லு போன ஊட்டுக்கெல்லாம் சொன்ன வாயும் போகோணும். அந்தம்மா பெட்டியோட போறப்ப நீயும் போ. நீ கதவத் தட்டு. நீயே சொல்லு."

அபராதம் இல்லை, மன்னிப்பும் இல்லை. கூட்டம் கலைந்தது. சிஸ்டர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "நல்ல செருப்பு இருக்கா பிள்ள?" என்று மட்டும் கேட்டார்.

போன புதன்கிழமை முதல் ஊருக்குப் போனோம். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். களத்தில் பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். பதினான்கு வீடு. தட்டிய ஒவ்வொரு கதவிலும் அதே நான்கு வாக்கியம் சொன்னேன். நான்காவது வீட்டுக்கே அது எனக்குப் பாடம் ஒப்பிப்பது போல ஆகிவிட்டது. சிஸ்டர் என் தோளைத் தொட்டு, "மெதுவா, அவங்க முகத்தப் பாத்துச் சொல்லு" என்றார். திரையைப் பார்த்தே பேசிப் பழகியவள் நான். முகத்தைப் பார்த்ததும் பாதி வாக்கியம் மறந்துபோனது. மறந்துபோன வீட்டில்தான் கதவு திறந்தது. அந்தப் பெண் கார்டை எடுத்து வந்து, பென்சில் எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலில் சாம்பல் நிறம் ஒட்டியது. பிள்ளையை நீட்டினாள்.

அன்று ஐந்து பிள்ளைகளுக்குப் போட்டோம். மற்ற வீடுகள் திறக்கவில்லை. ஒரு வீட்டில், "இன்னைக்கு ஒண்ணு சொல்லுவே, நாளைக்கு இன்னொரு காயிதம் ஒட்டுவே, எதம்மா நம்புறது?" என்று ஜன்னல் வழியே கேட்டார்கள். திரும்பும்போது பெட்டி கனமாகத்தான் இருந்தது. பைல் நாட்டில் மணல்வாரி இப்போது நான்கு பிள்ளைகளுக்கு என்று பஸ்ஸில் சொன்னார்கள்.

குழுவை இன்னும் திறக்கவில்லை. மூன்றாவது விதியை எடுத்துவிடுவதா என்று பாயிடம் கேட்டேன். "பேரு இல்லாம எழுதட்டும். யாரப் பத்தி எழுதறாங்களோ அவங்ககிட்ட மொதல்ல குடு" என்றார். மலையில் பாதிப்பேருக்கு மின்மடல் முகவரி கிடையாதே, எப்படிக் கொடுப்பது என்றேன். "உனக்குத்தான் இப்பக் காலு இருக்குதே" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அப்படித்தான் செய்யப்போகிறேன். ஒருவரைப் பற்றிய மடல் வந்தால், அதைக் கையில் எடுத்துப்போய் அவர் முன்னால் படித்துக் காட்டி, அவர் பதிலையும் வாங்கிய பிறகுதான் அனுமதிப்பது. ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை பொறுக்காதவர்கள் விலகிப் போகட்டும். இது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. நூற்றைம்பது பேரில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்றும் தெரியாது.

அதற்கு முன்னால் இந்தப் புதன்கிழமை இருக்கிறது. இரண்டாவது ஊரைத் தள்ளி வைத்துவிட்டு மூன்றாவது ஊருக்குப் போகிறோம். அதுதான் கடைசி ஊர், மேட்டின் உச்சியில் இருக்கிறது. அவன் அக்கா வீடு அங்கேதான். அந்தக் கார்டு அங்கேதான் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பென்சில் தேதி தாண்டி ஐந்து வாரம் ஆகிறது. அந்த ஒரு கதவு திறந்தால் மற்றவை திறக்கும் என்கிறார் சிஸ்டர்.

அவனுக்கு மறுபடி எழுதினேன். பெயர் சொல்ல வேண்டாம், ஒன்றும் பேச வேண்டாம், அன்று மட்டும் உன் அக்கா வீட்டில் இரு, அது போதும் என்று. திங்கள்கிழமை வரை பதில் இல்லை. பார்த்தானா என்றும் தெரியவில்லை.

அவன் வந்தாலும் வராவிட்டாலும் நான் ஏறப்போகிறேன். செவ்வாய் சாயங்காலமே சிஸ்டர் பனிக்கட்டிப் பைகளை உறைய வைத்துவிடுவார். காலை ஆறு மணிக்கு அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் நான் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பனிக்கட்டி மத்தியானம் வரைதான் தாங்கும். வழியில் இரண்டு ஓடை. அதற்குள் அந்த வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும்.